அசிமீனாவின் செவ்வாய்க்கிழமை

எங்கள் மலையூர் கஸ்தானியாவில் முதன்முதலில் கால்சட்டை போட்ட பெண்பிள்ளை அசிமீனாதான். அதற்கு முன்னால் ஒரு கோடையில் அதிகாரி ஒருவரின் மனைவி போட்டுக்கொண்டு ஊற்றடிக்கு வந்தாள் என்பார்கள். அவள் ஏதென்ஸ்காரி, கணக்கில் சேர மாட்டாள். அசிமீனா இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆற்றோரம் மாவு மில் வைத்திருந்த கிறிஸ்தோவின் மூத்த மகள். சாலை வேலை பார்க்கும் லாம்ப்ரோஸின் மனைவி. கோயிலில் பெண்கள் பக்கம் தூணோரத்து நாற்காலி அவளுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் தலையில் கட்டிய முண்டு கட்டினபடி இருக்க, புருஷனுடைய பழைய பட்டாளத்துக் கால்சட்டையைப் பாவாடைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் முற்றத்தில் வந்து நின்றாள் என்றால் அதற்கு ஒரே காரணம் அவள் தங்கை மாரிகோ.

மாரிகோ பிறந்தபோது அசிமீனாவுக்கு ஏழு வயது. தாய்க்கு மில்லில் ஓயாத வேலை. தங்கையை முதுகில் கட்டிக்கொண்டுதான் அசிமீனா ஆடு மேய்த்தாள், விறகு பொறுக்கினாள், ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நடக்கக் கற்றுக்கொண்ட பிறகும் மாரிகோ இறங்க மாட்டாள். "உனக்குத்தான் கால் இருக்கே, நடடி" என்றால், "உன் கால் போதும் எனக்கு" என்பாள்.

அப்படிப்பட்டவள் பதினெட்டு வயதில், திராட்சை உலர்த்தும் காலத்தில், அத்தை ஒருத்தியோடு தெற்கே கூலிக்குப் போனாள். போன இடத்தில், கடலோரம் கிபரிசியாவில், தியோனிசி என்கிற திராட்சைத் தோட்டக்காரன் மகன் அவளைப் பார்த்துவிட்டான். கல்யாணம் அங்கேயே. அசிமீனாவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. புது உடுப்புத் தைத்துக்கொண்டு, கூடையில் பலகாரத்தோடு பஸ் ஏறினாள். அதுவரை அவள் பஸ்ஸில் உட்கார்ந்தது கிடையாது. மலைச்சாலையில் மூன்றாம் திருப்பத்திலேயே வயிற்றைப் புரட்டிவிட்டது. குடலே வெளியே வந்துவிடும் போல அப்படி ஒரு வாந்தி. டிரைவர் நல்ல மனிதன், ஒரு சிலுவைக் கல் பக்கத்தில் இறக்கிவிட்டு, "அம்மா, நீ வண்டியில போறதுக்குப் பொறந்தவ இல்ல, நடக்கப் பொறந்தவ" என்று சொல்லிவிட்டுப் போனான். லாம்ப்ரோஸ் கோவேறு கழுதையோடு வந்து அழைத்துப் போகும்வரை அந்தப் புது உடுப்போடு அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். தங்கை கல்யாணம் அக்கா இல்லாமலே நடந்தது.

அதன் பிறகு எவ்வளவோ செய்து பார்த்தாள். எலுமிச்சை மோந்து பார்த்தாள், வெறும் வயிற்றில் ஏறிப் பார்த்தாள். கதவு மூடுகிற எந்த வண்டியானாலும் மூன்றாம் திருப்பம்தான். மாரிகோதான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மூன்று தடவை வந்தாள். மூன்றாம் தடவை தாய் செத்ததற்கு. அப்புறம் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது, மலை ஏறக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருபது வருஷத்துக்குப் பக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போனில் பேசுவதோடு சரி.

அந்த வருஷம் தைக் குளிரில், ஆற்றில் சிலுவை போட்டு எடுக்கிற திருநாள் கழிந்த வாரம், போனில் மாரிகோவுக்குப் பதிலாக தியோனிசி வந்தான். இதயம் பெருத்துவிட்டதாம். வெட்டினால் தாங்காதாம். பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம்.

"கோடை வரைக்கும் ஓடலாம்னாங்க, மதினி. ஓடலாம்னுதான் சொன்னாங்க. ஓடும்னு சொல்லல" என்றான். தியோனிசி எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன்.

மறுநாள் விடிந்ததும் அசிமீனா கொட்டகைக்குப் போனாள். அங்கே சாக்குப் போர்த்தி லாம்ப்ரோஸின் சிவப்பு ஜாவா மோட்டார் சைக்கிள் நின்றது. பல வருஷமாக அதில்தான் அவன் வேலைக்குப் போய் வந்தான். வீட்டிலிருந்து கார்பெனிசி டவுன், டவுனிலிருந்து வீடு. அதற்கு அப்பால் அந்த வண்டியும் போனதில்லை, பட்டாளத்துக்குப் போனது தவிர அவனும் போனதில்லை. திருவிழாவுக்குப் பக்கத்து ஊர் போகும்போது அசிமீனா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவாள். அதில் மட்டும் அவளுக்கு வயிறு புரண்டதில்லை.

லாம்ப்ரோஸ் பின்னாலேயே வந்து நின்றான்.

"யோவ், இது கடல்வரை போகுமா?"

"போகும். வழியில நாலு எடத்துல நிக்கும், நாலு உதை குடுத்தா கிளம்பும். நீ போவியா, அதைச் சொல்லு."

"இதுலதான் மூடி கிடையாதே. நாலு பக்கமும் காத்து."

"காத்து மட்டுமா? மழை, தூசி, லாரிப் புகை, எல்லாம் சும்மாவே கிடைக்கும். பஸ்ஸுல இதுக்கெல்லாம் டிக்கெட் போடுவான்."

பனி உருகாமல் மலையை விட்டு நகர முடியாது. அதற்குள் வண்டியைத் தயார் பண்ணிவிடலாம் என்று லாம்ப்ரோஸ் அதை ஆணி ஆணியாகக் கழற்றினான். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டு உள்ளே பிடித்திருந்த கரியை எரித்தான். சங்கிலியை ஒரு சட்டி கிரீஸில் போட்டு அடுப்பில் வேகவைத்தான். அசிமீனா உள்ளே வந்து பார்த்தாள்.

"இது எங்கம்மா குடுத்த சட்டி."

"தெரியும். அடி கனமா இருக்கு. உங்கம்மா நல்ல சட்டிதான் குடுத்திருக்கா."

"இனிமே இதுல பீன்ஸ் வேக வைக்க முடியுமா?"

"வை. வழுக்கிக்கிட்டு இறங்கும்."

அந்தச் சட்டி இப்போதும் கொட்டகையில்தான் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் போனில் மாரிகோ எடுத்ததுமே கேட்பாள்: "வண்டி எதுவரைக்கும் வந்திருக்கு, அக்கா?" சங்கிலி வரை, பிரேக் வரை, பின்சீட்டு வரை என்று அசிமீனா சொல்வாள். வாழ்க்கையில் ஒரு ஸ்குரூவைத் தொடாத இரண்டு பெண்கள் பிஸ்டனைப் பற்றியும் பிளக்கைப் பற்றியும் பேசினார்கள். மாரிகோவின் மூச்சு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டதாகவும், இனிமேல் ரோட்டில் போகிற எல்லா மோட்டார் சைக்கிளும் கண்ணில் படும் என்றும் ஒரு ஞாயிறு சொன்னாள்.

"உனக்கு என்னடி கொண்டாரட்டும்?" என்று அசிமீனா கேட்டாள். வால்நட், வெண்ணெய்க்கட்டி, மலைத்தேயிலை என்று அடுக்கினாள்.

"எதுவும் வேண்டாங்க்கா. ஊற்றுத் தண்ணி ஒரு பாட்டில். இங்க தண்ணி கரிக்குது. முப்பது வருஷமாக் கரிக்குது, யார்கிட்டயும் சொன்னதில்ல."

கால்சட்டை விவகாரம் அதற்கப்புறம் வந்தது.

"ஒருக்களிச்சு உக்காந்து திருவிழாவுக்குப் போகலாம்" என்றான் லாம்ப்ரோஸ். "கடலுக்குப் போக முடியாது. ஒரு திருப்பத்துல நான் இந்தப் பக்கம் சாய்வேன், நீ அந்தப் பக்கம் பள்ளத்துல கிடப்ப. ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரணும்."

அப்படித்தான் அசிமீனா முற்றத்துக்கு வந்தாள். வண்டி ஸ்டாண்டில் நின்றது. பின்சீட்டில் ஆட்டுத்தோல் விரித்து, கொல்லனிடம் கொடுத்து ஒரு இரும்புச் சாய்மானமும் வைத்திருந்தான். அவள் ஏறுவதற்கே மூன்று தடவை ஆயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தொடோரா உலர்ந்த துணியை மடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசிமீனா, இடுப்புக்கு மேல பாதிரியார் வீட்டம்மா, கீழ பட்டாளமா இருக்கியேடி."

"குளிருக்கு நல்லா இருக்கு, தொடோரா. ஒரு நாள் போட்டுப் பாரு, அப்புறம் கழட்ட மாட்ட."

"என் புருஷன் செத்தவன் எழுந்து வந்துருவான்."

"வரட்டும். வந்தா வேலிய சரி பண்ணச் சொல்லு."

லாம்ப்ரோஸ் முன்னால் ஏறி உட்கார்ந்து, ஓடாத வண்டியிலேயே பாடம் நடத்தினான். "இடது திருப்பம்" என்பான், இருவரும் இடது பக்கம் சாய்வார்கள். "வலது." வலது பக்கம் சாய்வார்கள். கோழிகள் நின்று பார்த்தன.

"நான் சாஞ்சா நீயும் சாயணும். நிமிர்ந்து உக்காராத."

"சாஞ்சா விழுந்துருவோமேய்யா."

"சாயலேன்னாத்தான் விழுவோம்."

இந்த ஒன்றை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விழப்போகிற பக்கமே ஒருவர் எப்படிச் சாய்வது? வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்தாள். ரோடு காய்ந்ததும் டவுன்வரை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். போகும்போது பாதி வழி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் எலுமிச்சைத் துண்டை அடக்கிக்கொண்டு, அவன் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். மூன்றாம் திருப்பம் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. டவுன் சதுக்கத்தில் இறங்கினதும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது அதன் பாட்டுக்கு இருந்தது.

"வாந்தி வரலய்யா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

காப்பிக் கடைக்காரன் செராஃபிம் ஊரெல்லாம் சொன்னான். "லாம்ப்ரோ பொண்டாட்டியக் கடத்திக்கிட்டு ஓடப் போறான். முப்பது வருஷம் லேட்டு. ஆனாலும் ஓடட்டும்."

ஆனால் திரும்பி வரும்போது அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். ரோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் புல். அதற்குக் கீழே ஆறு நூல் மாதிரி கிடந்தது. கடலுக்குப் போகிற வழி இதைவிட மோசம் என்று அவளுக்குத் தெரியும். லாம்ப்ரோஸே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், எந்தத் திருப்பத்தில் எந்த லாரி பள்ளத்தில் போயிற்று என்று. அன்றிலிருந்து அவள் மனதில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அதை அவனிடமும் சொல்லவில்லை, மாரிகோவிடமும் சொல்லவில்லை. வண்டியில் இன்னும் ஏதாவது குறை இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி கேட்டாள். குறை இருக்கிறது என்றால் அவள் முகம் தெளிந்தது.

ஈஸ்டர் முடிந்தது. குறை ஒன்றே ஒன்று பாக்கி, பின் டயர். ஏதென்ஸிலிருந்து பஸ்காரனிடம் சொல்லிவிட்டது வர வேண்டும். அது ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. லாம்ப்ரோஸ் சாப்பிடாமலே மாட்டினான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, வண்டியை இடுப்பில் வைத்து உலுக்கினான். ஒரே உதையில் கிளம்பிற்று.

"நாளைக்கு விடியும்போது புறப்பட்டா ராத்திரி மெசோலோங்கியில எங்க சித்தப்பா மகன் வீட்டுல தங்கலாம். மறுநாள் மத்தியானம் உன் தங்கச்சி வீடு."

அசிமீனா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இனி காரணம் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தாள். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கிணற்றில் விழுந்தவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது.

"நாளைக்குச் செவ்வாய்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் செவ்வாயில் எதையும் தொடங்குவதில்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரிய நகரம் துருக்கர் கையில் விழுந்த கிழமை என்று பாதிரியார் சொல்வார். அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள், துணி வெட்ட மாட்டார்கள், வழிப்பயணம் புறப்படவே மாட்டார்கள்.

"செவ்வாயில தொடங்கினாத்தான் குத்தம்" என்றான் லாம்ப்ரோஸ். "நாம தை மாசமே தொடங்கிட்டோம். நாளைக்குத் தொடர்ச்சிதானே."

"படிய விட்டுக் கால் வெளிய வைக்கிறதுதான்யா தொடக்கம்."

"அசிமீனா, அந்தப் பிள்ள அங்க..."

"எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாம உனக்குத் தெரியுமா?" அவள் குரல் ஏறிவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

அவள் போன் பண்ணினாள். ஞாயிறு அல்லாத நாளில் அவள் பண்ணின முதல் போன் அது.

"டயர் வந்துருச்சு மாரிகோ. வண்டி தயார். ஆனா பாரு, நாளைக்குச் செவ்வாயாப் போச்சு."

மாரிகோ மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "செவ்வாயில கிளம்பாதக்கா. அந்த ரோட்டுல, அந்த வண்டியில, செவ்வாயில வேண்டாம். புதன்ல வா. நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?"

அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்துதான் அக்காள் கேட்டாள். சிறுபிள்ளையிலிருந்து அவளை அறிந்தவளுக்குத் தெரியாதா?

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போல அசிமீனா சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கீரை அடையும் பால்கட்டி அடையும் சுட்டாள். வீட்டைக் கழுவிவிட்டாள். தலைக்குக் குளித்து வெயிலில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்தினாள். தொடோரா தன் தோல் கையுறையைக் கொண்டுவந்து வேலி மேல் வைத்தாள். "காத்து விரலை அறுத்துடும். திருப்பித் தரணும், சொல்லிட்டேன்" என்றாள். வெயில் இதமாக இருந்தது. ரோடு காய்ந்து, வெறிச்சென்று கிடந்தது. அன்றைக்குப் போல வண்டி ஓட்ட நல்ல நாள் அந்த மாதத்தில் இல்லை என்று லாம்ப்ரோஸ் பிற்பாடு ஒரே ஒரு தடவை, வாய் தவறிச் சொன்னான்.

புதன் விடியலில் ஊற்றுக்குப் போய் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்தாள். கோட்டுக்குள் நெஞ்சோடு பழைய செய்தித்தாள் மடித்து வைத்துக்கொண்டார்கள், குளிர் ஏறாமல் இருக்க. பலகாரக் கூடை ஒரு பக்கம், மாற்றுத் துணி ஒரு பக்கம், தண்ணீர்ப் பாட்டில் இரண்டும் அவள் மடியில். புறப்பட்டார்கள்.

மலையில் பாதி இறங்கும்வரை அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். வண்டி அலைந்தது. லாம்ப்ரோஸ் நிறுத்தி ஒரு சிகரெட் பிடித்தான். மறுபடி ஏறினபோது, ஒரு பெரிய திருப்பத்தில், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவனோடு சேர்ந்து சாய்ந்தாள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வளைந்து போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று தோன்றிற்று. அடுத்த திருப்பத்திலிருந்து அவளே முன்கூட்டிச் சாய ஆரம்பித்தாள். "மெதுவாடி, நான்தானே ஓட்டுறேன்" என்று காற்றில் கத்தினான் அவன். வண்டி இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் உதைத்ததும் கிளம்பிற்று.

ராத்திரி மெசோலோங்கியில் தங்கினார்கள். வியாழன் காலை அந்திரியோவில் படகு ஏறினார்கள். அப்போது பாலம் வரவில்லை, லாரியும் பஸ்ஸும் மனிதரும் ஒரே படகில்தான். அசிமீனா கடலைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரை வரும்வரை பார்த்தாள். "மாரிகோ சொன்னது கம்மிதான்" என்றாள். வயிறு அங்கேயும் சும்மாவே இருந்தது.

அக்கரையில் பெட்டிக்கடையில் போன் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்று கேட்டான் லாம்ப்ரோஸ்.

"வேண்டாம். ஜன்னல் பக்கம்தானே படுத்திருக்கா. வண்டிச் சத்தம் கேட்டு அவளே தெரிஞ்சுக்கட்டும்."

கிபரிசியாவுக்குள் நுழைந்தபோது வெயில் சாயவில்லை. அவள் ஒரு நாளும் போகாத ஊர், ஆனால் வழி தெரிந்தது. போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். சதுக்கத்தில் இடதுபக்கம், எண்ணெய்ச் செக்குத் தாண்டி மேட்டுத் தெரு, நீலக் கதவு, வாசலில் எலுமிச்சை மரம். "அதோ, அதோ" என்று அவன் தோளைத் தட்டினாள்.

தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில், கதவோரச் சுவரில், சவப்பெட்டியின் மூடி சாய்த்து நிறுத்தியிருந்தது.

எங்கள் நாட்டில் அதைப் பார்த்த பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. லாம்ப்ரோஸ் என்ஜினை அணைத்தான். வண்டி அந்த மேட்டில் தானாகக் கொஞ்சம் பின்னால் உருண்டது. அவன் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்கவில்லை. மடியில் பாட்டில்களைப் பிடித்தபடி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியோனிசி வெளியே வந்தான். "நேத்து சாயங்காலம், மதினி" என்றான். "உனக்காகத்தான் இன்னும் எடுக்கல."

கால்சட்டையோடும் தூசியோடும் அவள் உள்ளே போனாள். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாரிகோ சின்னதாகி இருந்தாள். இருபது வருஷத்தில் முகத்தில் தாய் வந்து உட்கார்ந்திருந்தாள். அசிமீனா தொடோராவின் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "உன்னை இறக்கிவிட்டுட்டேனேடி" என்றாள். அங்கே இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. லாம்ப்ரோஸுக்குப் புரிந்தது.

புதைத்துவிட்டு வந்த பிறகு, பெண்கள் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, தியோனிசி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

"செவ்வாய் காலையிலயே சொல்ல ஆரம்பிச்சுட்டா, மதினி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, வான்னு சொல்லியிருக்கணும், அக்கா பயந்தவ, நான் வான்னா வந்திருப்பான்னு. புதன் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. பசங்க ஓட்டுற சின்ன வண்டி போனாக்கூட, பாரு பாருன்னா. ஜாவா சத்தம் இப்படி இருக்காதுடின்னேன். உனக்கென்ன தெரியும், சைலன்சர்ல கரி எடுத்திருக்காங்க, சத்தம் மாறியிருக்கும்னா."

அசிமீனா கையில் இருந்த காப்பி ஆறிப்போயிற்று.

மாரிகோ இறந்த அறையில், வழக்கப்படி, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தார்கள். நாற்பது நாள் அந்த ஆவி தாகத்தோடு வந்து போகும் என்பது நம்பிக்கை. அசிமீனா அந்தக் கிளாஸை எடுத்து ஜன்னல் வழியே கொட்டினாள். பாட்டிலைத் திறந்து ஊற்றுத் தண்ணீர் நிறைத்தாள். இரண்டு பாட்டிலும் நாற்பது நாளைக்குக் காணாது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லி தியோனிசியிடம் கொடுத்தாள். "கரிக்காத தண்ணி" என்றாள்.

ஊர் திரும்பி வந்த அடுத்த செவ்வாய், அசிமீனா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் உருளைக்கிழங்குக்கு முதல் பாத்தி வெட்டினாள். தொடோரா வேலியோரம் ஓடிவந்தாள்.

"ஏய், இன்னிக்குச் செவ்வாய்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உன் கையுறை படியில வெச்சிருக்கேன். எடுத்துக்க."

அன்றிலிருந்து அப்படித்தான். கோழி அடை வைப்பது செவ்வாயில். தறியில் நூல் பாவு ஏற்றுவது செவ்வாயில். கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டபோது ஆள் வர மாட்டேன் என்றார்கள், அவளும் லாம்ப்ரோஸும்தான் ஏறினார்கள். ஊரில் முதலில் பேசினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பழகிப்போயிற்று. லாம்ப்ரோஸ் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒரு தடவை, சாப்பாட்டு மேசையில், அவளாகவே சொன்னாள். "எனக்குச் செவ்வாயும் இல்ல, ஒரு எழவும் இல்லய்யா. அந்தப் பள்ளத்தைப் பாத்துப் பயந்துட்டேன். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

"தெரிஞ்சும் ஏன்யா என்னைத் தூக்கி வண்டியில போடல?"

அவன் பிட்ட ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, எழுந்து வெளியே போனான்.

வருஷத் திதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிபரிசியாவில் நினைவுப் பூசை. வெள்ளிக்கிழமை புறப்பட்டால் போதும் என்று லாம்ப்ரோஸ் கணக்குப் போட்டிருந்தான். செவ்வாய் விடியலில் அவன் முகம் கழுவிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது, ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் பாவாடைக்குக் கீழே பட்டாளத்துக் கால்சட்டை. மடியில் இரண்டு பாட்டில் தண்ணீர்.

"பூசை ஞாயித்துக்கிழமைதானே" என்றான்.

"பூசைக்கு இல்ல. ஏறு."

தொடோரா வேலியோரம் வந்து சிலுவை போட்டுக்கொண்டாள். கையுறையை நீட்டினாள்.

மலைத் திருப்பங்களில் அவள் அவனோடு சாய்ந்தாள். மெசோலோங்கியில் தங்கினார்கள், காலையில் படகு ஏறினார்கள். புதன் மத்தியானம் நீலக் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. தியோனிசி அவர்களை எதிர்பார்க்கவில்லை. முகச்சவரம்கூடப் பண்ணாமல் வந்து கதவைத் திறந்தான். அசிமீனா அவனைத் தாண்டி உள்ளே போய், ஜன்னல் பக்கம் அப்படியே கிடந்த அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றிக் கட்டில் ஓரம் வைத்தாள்.

ஆண்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ரோட்டில் ஒரு வண்டி போனால் அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். போனதும் கட்டிலைப் பார்த்து ஏதோ சொல்வாள். என்ன சொன்னாள் என்று அவர்களுக்குக் கேட்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கி, எலுமிச்சை மரத்தை விட்டு இறங்கி, தெரு இருட்டும்வரை அந்தச் சாயங்காலம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.